எம்பிங்கோ: துளைக்கருவிகளின் கருமரம்

கிளாரினெட், ஓபோ, பிக்கோலோ, ஸ்காட்லாந்தின் பேக்பைப் ஆகிய நான்கு துளைக்கருவிகளின் கரிய உடலும் பெரும்பாலும் ஒரே மரத்திலிருந்து கடையப்படுகிறது. டால்பெர்ஜியா மெலனாக்சைலான் என்பது அதன் அறிவியல் பெயர். சுவாஹிலி பேசுவோர் அதை எம்பிங்கோ என்பார்கள். இசைக்கருவி வணிகத்தில் அது கிரனடில்லா. மரக்கிடங்குகளில் ஆப்பிரிக்கக் கருமரம். நிறத்தைப் பார்த்து இதை எபனி எனப்படும் கருங்காலியோடு சேர்த்துவிடுவது வழக்கம். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் கருங்காலியோ பனிச்சையின் பேரினத்தைச் சேர்ந்தது. எம்பிங்கோ அவரைக் குடும்பத்து மரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் இதுவும் ஒரே பேரினம்.

விலையுயர்ந்த மரங்கள் பலவும் நிறத்துக்காகவோ வரிகளுக்காகவோ மணத்துக்காகவோ தேடப்படுபவை. எம்பிங்கோவின் மதிப்பு வேறொரு பண்பில் இருக்கிறது. ஈரம் பட்டாலும் காய்ந்தாலும் அது தன் அளவை மிகக் குறைவாகவே மாற்றிக்கொள்ளும். கடைந்த அளவு கடைந்தபடியே நிற்கும். நுண்ணிய மரவேலையில் இதைவிடப் பெரிய தகுதி கிடையாது. அந்தத் தகுதி எப்படி வந்தது என்பது மரத்தின் உள்ளமைப்பிலும், அது வளரும் காட்டிலும் அடங்கியிருக்கிறது.

மரமும் காடும்

மேற்கே செனகல் முதல் கிழக்கே எத்தியோப்பியா வரையிலும், தெற்கே தென்னாப்பிரிக்காவின் வடபகுதி வரையிலும் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் எம்பிங்கோ இயற்கையாக வளர்கிறது. ஆனால் கருவி செய்யத் தகுந்த கட்டை வருவது பெரும்பாலும் தெற்குத் தான்சானியாவிலிருந்தும் வடக்கு மொசாம்பிக்கிலிருந்தும்தான். அங்குள்ள காடுகளுக்கு மியோம்போ என்று பெயர். ஆண்டில் ஐந்தாறு மாதம் மழை காணாத, இலையுதிர் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும், அடியில் புல் மண்டிய காடுகள் அவை. கோடையில் காய்ந்த புல்லில் தீ பற்றி ஓடுவது அங்கே ஆண்டுதோறும் நடப்பது.

இந்தச் சூழலில் எம்பிங்கோ நெடுமரமாக ஓங்குவதில்லை. உயரம் பொதுவாக 5 முதல் 15 மீட்டர். அடியிலிருந்தே பல தண்டுகளாகப் பிரிந்து, முறுக்கியும் பள்ளம் விழுந்தும் வளரும். கிளைகளில் முள்ளும், தண்டில் சாம்பல் நிறப் பட்டையும், பருவத்தில் மணமுள்ள சிறு வெள்ளைப் பூக்களும், பின்னர் தட்டையான காய்களும் காணப்படும். வேர் முடிச்சுகளில் தங்கும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்தித் தருவதால் சத்தற்ற மண்ணிலும் தாக்குப்பிடிக்கிறது. இளங்கன்று தீயில் கருகினால் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வளர்ந்த மரம் தீயில் சாவதில்லை, ஆனால் காயம்படும். அந்தக் காயம் பிற்காலத்தில் கட்டைக்குள் வெடிப்பாகவும் பொந்தாகவும் தெரியவரும். வெட்டத் தகுந்த பருமனை எட்ட 70 முதல் 100 ஆண்டுகள் ஆகும் என்பது வழக்கமான கணக்கு.

வைரத்தின் உள்ளே

வெட்டிய அடிமரத்தின் குறுக்குமுகத்தில் இரண்டு பகுதிகள் தெளிவாகப் பிரிந்து தெரியும். வெளியே மெல்லிய வளையமாக வெளிர்மஞ்சள் சாற்றுக்கட்டை. உள்ளே பழுப்பும் ஊதாவும் கலந்து கறுப்பென்றே தோன்றும் வைரக்கட்டை. சாற்றுக்கட்டையில் உயிருள்ள செல்கள் உண்டு. வேர் உறிஞ்சிய நீரை மேலே கடத்துவது அதன் வேலை. மரம் பருக்கும்போது உட்பகுதி அந்த வேலையிலிருந்து விலகுகிறது. விலகுவதற்கு முன் அங்குள்ள செல்கள் பிசின்களையும் நிறமிகளையும் பீனால் வகைச் சேர்மங்களையும் உண்டாக்கி, நீர்க்குழாய்களிலும் செல் சுவர்களிலும் நிரப்பிவிட்டு இறந்துபோகின்றன. வைரம் பாய்வது என்று தச்சர்கள் சொல்வது இந்த மாற்றத்தைத்தான்.

எம்பிங்கோவில் இது உச்சநிலையை எட்டுகிறது. அதன் நீர்க்குழாய்கள் நுண்ணியவை; அவையும் கரும்பிசினால் அடைபட்டவை. நார்செல்களின் சுவர்கள் தடித்து, நடுவே உள்ள வெற்றிடம் ஏறத்தாழ மூடிக்கிடக்கும். செல் சுவரின் அடர்த்தி எல்லா மரங்களிலும் கிட்டத்தட்ட ஒன்றே: ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம். ஒரு மரம் லேசாகவும் இன்னொன்று கனமாகவும் இருப்பது உள்ளே அடைபட்ட காற்றின் அளவைப் பொறுத்தது. உலர்ந்த தேக்கின் அடர்த்தி 0.65 கிராம் அளவில் இருக்கும். பாதிக்கு மேல் காற்று. எம்பிங்கோவின் அடர்த்தி 1.2 முதல் 1.3 கிராம். நன்கு உலர்ந்த கட்டையைக் கூடத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்.

கடினத்தை ஒப்பிட ஜாங்கா சோதனை பயன்படுகிறது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்றை, அதன் பாதி அளவு மரத்துக்குள் புதையும்வரை அழுத்துவார்கள். அதற்குத் தேவைப்படும் விசையே மரத்தின் கடினம். தேக்குக்கு அது 4,700 நியூட்டன் அளவு. எம்பிங்கோவுக்கு 16,000 நியூட்டனுக்கும் மேல். தேக்கைப் போல மூன்று மடங்கு கடினமான இந்தக் கட்டையில் விளிம்புகள் மழுங்காமல் நிற்கும். மரத்திலேயே மரை வெட்டித் திருகலாம்.

ஈரமும் அசைவும்

வெட்டிய பின்னும் மரம் காற்றின் ஈரத்தோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. செல்லுலோஸ் மூலக்கூறுகளில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்கின்றன. நீர் நுழைந்தால் இழைகள் விலகி மரம் உப்பும், வெளியேறினால் சுருங்கும். மழைக்காலத்தில் கதவு நிலையில் இறுகிக்கொள்வது இதனால்தான். இந்த மாற்றம் நார்வாக்கில் மிகச் சிறிது, குறுக்குவாட்டில் பெரிது. குறுக்குவாட்டிலும், மையத்திலிருந்து வெளிநோக்கிய ஆரத்திசையைவிட, வளர்ச்சி வளையங்களை ஒட்டிய தொடுதிசையில் கூடுதல். இரண்டு திசையிலும் சுருக்கம் ஒரே அளவாக இல்லாததால் வட்டமாகத் துளைத்த குழல் நாளடைவில் நீள்வட்டமாகிவிடும். மேசைக்காலில் இது ஒரு பொருட்டல்ல. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினாலும் சுருதி பிசகக்கூடிய துளைக்கருவியில் பெருங்குறை.

அடர்த்தி கூடினால் சுருக்கமும் கூடும் என்பது மரங்களின் பொது இயல்பு. எம்பிங்கோ இதற்கு விலக்கு. பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை அது ஆரத்திசையில் ஏறத்தாழ 3 சதவீதமும் தொடுதிசையில் ஏறத்தாழ 5 சதவீதமும் சுருங்குகிறது. அதைவிட அடர்த்தி குறைந்த ஐரோப்பிய பாக்ஸ் மரத்தின் சுருக்கம் கிட்டத்தட்ட இதன் இரு மடங்கு. செல் சுவர்களில் பீனால்களும் பிசின்களும் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டதால் நீர் நுழைய இடம் குறைவு. குழாய்கள் அடைபட்டிருப்பதால், நுழையும் சிறிது ஈரமும் மெதுவாகவே பரவுகிறது. வாசிப்பவரின் மூச்சிலுள்ள ஈரம் ஒரு கச்சேரி நேரத்துக்குள் கட்டையில் ஆழமாக இறங்கிவிடாது.

பாக்ஸ் மரத்திலிருந்து கருமரத்துக்கு

கிளாரினெட்டை 1700ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் யோஹான் கிறிஸ்டோப் டென்னர் உருவாக்கினார். அக்காலக் கருவிகள் பெரும்பாலும் மஞ்சள் நிற பாக்ஸ் மரத்தில் செய்யப்பட்டவை. அது கடைவதற்கு இணக்கமானது, நுண்வரி கொண்டது. அன்றைய கருவியில் இரண்டு மூன்று சாவிகளே இருந்ததால், அவற்றைப் பொருத்தக் கட்டையிலேயே ஒரு புடைப்பை விட்டுக் கடைந்தால் போதுமானதாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பாரிஸில் இயாசிந்த் குளோசே என்ற வாத்தியக்காரரும் லூயி ஓகுஸ்த் பூஃபே என்ற கருவி வினைஞரும் 1839க்கும் 1843க்கும் இடையில் புதிய சாவி அமைப்பை வகுத்தார்கள். இன்று பரவலாக உள்ள கிளாரினெட்டில் 24 துளைகளும் 17 சாவிகளும் 6 வளையங்களும் உண்டு. நீண்ட உலோக அச்சுகளில் சுழலும் இந்தச் சாவிகளைச் சிறு உலோகத் தூண்கள் தாங்குகின்றன. அந்தத் தூண்கள் நேரே மரத்தில் திருகப்படுகின்றன. மரம் சற்றே வளைந்தாலும் அச்சு இறுகிச் சாவி திரும்பாது. மரம் மென்மையாக இருந்தால் திருகின் பிடி தளரும். பாக்ஸ் மரத்தால் இந்தப் பொறியமைப்பைத் தாங்க முடியவில்லை. கருங்காலி, ரோஸ்வுட், கரீபியத் தீவுகளின் கோகஸ் மரம் ஆகியவற்றையெல்லாம் வினைஞர்கள் முயன்று பார்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் ஆப்பிரிக்கக் கருமரமே நிலைத்துவிட்டது. கர்நாடக இசை மேடையில் ஏ.கே.சி. நடராஜன் வழியே தமிழர்கள் நன்கறிந்த கிளாரினெட், இப்படிக் கருமை பூண்ட கருவிதான்.

கட்டையிலிருந்து குழலுக்கு

காட்டில் வெட்டிய அடிமரம் அறுவை ஆலைக்கு வந்ததும் குறுந்துண்டுகளாக அறுக்கப்படுகிறது. வெடிப்பு, கணு, பொந்து, சாற்றுக்கட்டை எல்லாவற்றையும் ஒதுக்கிய பின் குற்றமற்ற சதுரக் கட்டைகள் மட்டுமே தேறும். ஆலைக்குள் போன மரத்தில் இப்படித் தேறுவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தேறியவற்றின் இரு முனைகளிலும் மெழுகு பூசுவார்கள். முனை வழியே நீர் விரைந்து வெளியேறும். அந்த இடம் முந்திச் சுருங்கினால் கட்டை பிளந்துவிடும்.

பிறகு காத்திருப்பு. ஈரத்தை மெதுவாக உள்வாங்கும் மரம் வெளிவிடுவதிலும் அதே மெத்தனத்தைக் காட்டும். நிழலில் அடுக்கிவைத்த கட்டைகள் உலர ஆண்டுகள் ஆகும். உலர்ந்த கட்டையைத் தோராயமான உருளையாகக் கடைந்து, நடுவே சிறு துளையிட்டு மறுபடி சில மாதங்கள் கிடக்க விடுவார்கள். உள்ளே தேங்கியிருந்த இழுவிசைகள் அப்போது வெளிப்பட்டு, வளைய வேண்டியது வளைந்துவிடும். அதன் பின்னரே இறுதி அளவு. கிளாரினெட்டின் உள்துளை 15 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டம் கொண்டது. ரீமர் என்னும் சுழல்கத்தியால் அதைச் செதுக்கி, எண்ணெய் ஊட்டி, மெருகேற்றுவார்கள். விரல்துளைகளின் உள்விளிம்பை ஒவ்வொன்றாகச் சீவித் திருத்துவது சுருதி சேர்க்கும் வேலை. தக்கை ஒட்டிய மூட்டுகளும் உலோகப் பூண்களும் சாவிகளும் கடைசியில் சேர்கின்றன.

பழகிய கட்டையை நாடும் வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்வோர், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தையே விரும்பி வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகள் கூரையின் கீழ் இருந்து உலர்ந்த அந்தக் கட்டையில் இனி அசைய எதுவும் மிச்சமில்லை. மரம் வேறு; எதிர்பார்ப்பு ஒன்றே.

ஓசையில் மரத்தின் பங்கு

கருமரத்துக்கென்று தனி நாதம் உண்டு என்பது வாத்தியக்காரர்களிடையே ஊறிய நம்பிக்கை. இயற்பியல் அதை அப்படியே ஏற்கவில்லை. வயலினிலும் வீணையிலும் மரப்பலகை அதிர்ந்து காற்றை அசைக்கிறது. அங்கே மரமே ஒலிமூலம். துளைக்கருவியில் அதிர்வது குழலுக்குள் நிற்கும் காற்றுத்தம்பம். பல மில்லிமீட்டர் தடித்த கனமான சுவர், அந்தக் காற்றின் அழுத்தத்துக்கு அசைந்துகொடுப்பது மிகச் சொற்பம்.

ஜான் பேக்கஸ் 1964இல் வெளியிட்ட ஆய்வில், துளைக்கருவிச் சுவரின் அதிர்வு கேட்கும் ஒலியை மாற்றும் அளவுக்கு இல்லை என்று காட்டினார். 1971இல் ஜான் கோல்ட்மன் இன்னும் நேரடியான சோதனை நடத்தினார். வெள்ளி, செம்பு, கருமரம் ஆகிய மூன்றிலும் ஒரே உள்ளளவில் புல்லாங்குழல்கள் செய்து, ஊதும் முனையை மட்டும் ஒரே பிளாஸ்டிக் வடிவில் வைத்தார். கேட்டவர்களால் அவற்றை வேறுபடுத்த முடியவில்லை. எந்தக் குழல் கையில் இருக்கிறது என்பதை மறைத்துவிட்டபோது, வாசித்தவர்களாலும் முடியவில்லை.

ஆனாலும் மரம் பொருட்டே இல்லை என்று ஆகிவிடாது. காற்றுத்தம்பத்தின் ஆற்றல் குழலின் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில், உராய்வாலும் வெப்ப இழப்பாலும் கரைகிறது. சுவர் நுண்துளை நிறைந்ததாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் இந்த இழப்பு கூடும், ஓசை மங்கும். விரல்துளைகளின் விளிம்பு எவ்வளவு கூர்மை, எவ்வளவு வளைவு என்பதும் காற்றின் சுழிப்பை மாற்றும். கண்ணாடிபோல் மெருகேறும், நுண்துளையற்ற, வெட்டிய விளிம்பை இம்மி பிசகாமல் காக்கும் மரத்தில் வினைஞர் நினைத்த வடிவம் முழுமையாகக் கிட்டுகிறது. வாத்தியக்காரர்கள் மரத்தின் நாதம் என்று உணர்வதில் பெரும்பகுதி அந்த வடிவத் துல்லியத்தின் விளைவு.

வெடிப்பு

எம்பிங்கோவின் அசையாமைக்கும் ஓர் எல்லை உண்டு. வாசிப்பவரின் மூச்சு வெதுவெதுப்பானது, நீராவி நிறைந்தது. குளிர்ந்த, வறண்ட அறையில் வாசிக்கும்போது குழலின் உட்சுவர் ஈரமேறி உப்ப முயல்கிறது; வெளிப்புறம் உலர்ந்தே இருக்கிறது. உள்ளிருந்து தள்ளும் விசையை வெளிப்புறம் தாங்க முடியாதபோது நார்வாக்கில் வெடிப்பு விடும். ஊதுமுனைக்கு அருகிலுள்ள மேல்துண்டில், துளைகள் நெருங்கிய இடத்தில் இது மிகுதியாக நிகழும்.

இதனால் புதுக் கருவியை முதல் சில வாரங்களுக்கு நாளொன்றுக்கு சிறிது நேரமே வாசிக்கச் சொல்வார்கள். வாசித்து முடித்ததும் துணியை இழுத்து உட்புறத்தைத் துடைப்பதும், குளிர்ந்த குழலை உடனே ஊதாமல் கையால் சூடேற்றுவதும், அவ்வப்போது உள்துளைக்கு எண்ணெய் இடுவதும் வழக்கம். விட்ட வெடிப்பைப் பசையும் கருமரத் தூளும் வைத்து அடைக்கலாம். பெரிதானால் கார்பன் இழை வளையங்களால் இறுக்குவார்கள்.

கடைசல், சிற்பம், பிற வேலைகள்

இசைக்கு வெளியேயும் இந்த மரத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பண்டைய எகிப்தியர் தெற்கிலிருந்து தருவித்துப் பெட்டிகளுக்கும் இருக்கைகளுக்கும் பயன்படுத்திய கருநிற மரம் பெரும்பாலும் இதுவே என்று மரத்துண்டுகளின் ஆய்வு காட்டுகிறது.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அலங்காரக் கடைசல் செல்வந்தர்களின் பொழுதுபோக்காக இருந்தது. லண்டனின் ஹோல்ட்சாப்ஃபெல் குடும்பத்தார் அதற்கென்றே நுட்பமான கடைசல் இயந்திரங்களைச் செய்து விற்றார்கள். சுழலும் சிறு வெட்டுக்கருவியால் வளைகோடுகளையும் பூவிதழ் அமைப்புகளையும் மரத்தில் பொறிக்கும் அந்தக் கலைக்குக் கருமரமும் தந்தமும் முதல் தெரிவுகள். வெட்டிய முகம் மணல்தாள் தேய்க்காமலே பளபளக்கும் என்பதால் பொறித்த கோடு மழுங்குவதில்லை. மரை வெட்டிய மூடியுள்ள சிறு டப்பாக்கள், சதுரங்கக் காய்கள், கத்திப்பிடிகள், கிதாரின் விரற்பலகை ஆகியவற்றுக்கும் இது உகந்தது. அடிமரம் சிறுத்தும் பொந்துகளோடும் இருப்பதால் பெரிய பலகையோ மேசையோ கிடைப்பது அரிது.

தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வாழும் மக்கோண்டே இனத்தார் எம்பிங்கோவில் சிற்பம் செதுக்குவதில் பெயர் பெற்றவர்கள். ஒருவர் தோள்மேல் ஒருவராகப் பல மனித உருவங்கள் பின்னி எழும் உஜமா வகையும், ஆவிகளை உருக்குலைந்த வடிவில் காட்டும் ஷேத்தானி வகையும் 20ஆம் நூற்றாண்டில் வளர்ந்தவை. முறுக்கிய கட்டையின் வளைவையே உருவத்தின் வளைவாக்குவதும், வெளிர்மஞ்சள் சாற்றுக்கட்டையை ஓரத்தில் விட்டுவைத்து நிறமுரணைக் காட்டுவதும் இவர்களின் உத்தி. ஆலை ஒதுக்கும் கோணல் கட்டைக்கும் இங்கே வேலை உண்டு.

இந்த மரத்தில் வேலை செய்வது எளிதல்ல. சாதாரண உளி விரைவில் முனை மழுங்கும். டங்ஸ்டன் கார்பைடு முனைகள் நின்று உழைக்கும். எண்ணெய்ப்பசை மிகுந்ததால் பசை பிடிக்காது. ஒட்டும் முன் அசிட்டோனால் முகத்தைத் துடைக்க வேண்டும். வார்னிஷ் தேவையில்லை, மெழுகிட்டுத் தேய்த்தாலே மினுங்கும். கட்டையிலுள்ள டால்பெர்ஜியோன் எனும் சேர்மங்கள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். தூள் மூச்சில் போகாமல் முகக்கவசமும் தூள் உறிஞ்சியும் கட்டாயம்.

பற்றாக்குறையும் பாதுகாப்பும்

நூறாண்டு வளர வேண்டிய மரம், அதிலும் பத்தில் ஒரு பங்குதான் தேறும் என்றால் தட்டுப்பாடு வருவது இயல்பு. நேரான, பருத்த மரங்கள் முதலில் வெட்டப்படுவதால் காட்டில் மிஞ்சுவது கோணல் மரங்களே. இன்று எம்பிங்கோ அழிவின் விளிம்பில் இல்லை. ஆயினும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அச்சுறு நிலைக்கு அண்மையில் உள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறது.

1996இல் தான்சானியத் தாவரவியலாளர் செபாஸ்டியன் சுவாவும் அமெரிக்கக் கடைசல் கலைஞர் ஜேம்ஸ் ஹாரிஸும் ஆப்பிரிக்கக் கருமரப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கி, கிளிமஞ்சாரோ பகுதியில் நாற்றங்கால் அமைத்துக் கன்றுகளைப் பரப்பினார்கள். தான்சானியாவின் 2002ஆம் ஆண்டு வனச்சட்டம், கிராமங்கள் தம் எல்லைக்குள் உள்ள காட்டைத் தாமே காப்புக்காடாக அறிவித்து நிர்வகிக்க வழி திறந்தது. கில்வா மாவட்டத்துக் கிராமங்கள் இதைப் பயன்படுத்தி, 2009இல் நல்வன மேலாண்மைக்கான எஃப்எஸ்சி சான்றிதழைப் பெற்றன. மரம் விற்ற பணம் ஊருக்கே சேரும்போது, அதைத் தீயிலிருந்தும் திருட்டு வெட்டிலிருந்தும் காக்க ஊருக்கே அக்கறை வருகிறது.

டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் சைட்டீஸ் உடன்படிக்கையின் வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இதனால் ஈட்டி மரம் போலவே எம்பிங்கோவும் எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு தேவையாயிற்று. கருவியோடு வெளிநாடு செல்லும் வாத்தியக்காரர்களும் கருவி வணிகமும் இதில் சிக்கித் திணறியதால், 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அறுத்த கட்டைக்குக் கட்டுப்பாடு நீடிக்கிறது.

மாற்றுப் பொருள்களும் பெருகியிருக்கின்றன. மாணவர்களின் கிளாரினெட்டுகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வருகின்றன. ஆப்பிரிக்காவின் மொப்பானே மரத்திலும் சில கருவிகள் கடையப்படுகின்றன. பூஃபே கிராம்போன் நிறுவனம் 1990களில் அறிமுகப்படுத்திய கிரீன்லைன் வகையில், ஆலையில் கழிந்த கருமரத்தின் தூளோடு கார்பன் இழையும் எப்பாக்ஸிப் பிசினும் சேர்த்து அழுத்திக் கட்டையாக்குகிறார்கள். அந்தக் கட்டையில் நார்வாக்கு இல்லை. ஆகவே வெடிப்பும் இல்லை. ஒலி காற்றுத்தம்பத்தின் வடிவத்தைப் பொறுத்தது என்ற ஆய்வு முடிவுக்கு இக்கருவிகள் நடைமுறைச் சான்று. மரத்தில் பத்தில் ஒன்பது பங்கு கழிவாகப் போய்க்கொண்டிருந்த தொழிலில், அந்தக் கழிவும் கருவியாவது எம்பிங்கோக் காடுகளின் மீதுள்ள சுமையைக் குறைக்க உதவும் வழிகளுள் ஒன்று.